புரோகிரஸிவ் பிரஸ்: வாங்கும் முன்னும், மக்கர் செய்யும்போதும்

சுட்டு முடித்த உறைகளில் மறுபடி தோட்டா நிரப்பும் இயந்திரம் இது. லிவரை ஒரு முறை இறக்கி ஏற்றினால் ஒரு முழுத் தோட்டா தட்டில் விழும். புரோகிரஸிவ் பிரஸ்ஸின் வசதியும் ஆபத்தும் அதிலேயே இருக்கின்றன. அந்த ஒரே இழுப்பில் ஓர் உறையிலிருந்து பழைய ப்ரைமர் (அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சிறு குமிழ்) வெளியேறுகிறது, இன்னொன்றில் பவுடர் விழுகிறது, வேறொன்றில் குண்டு அமர்கிறது, கடைசி உறையில் கிரிம்ப் விழுகிறது, அதாவது விரித்த வாய் பழையபடி ஒடுக்கப்படுகிறது. நான்கையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. எந்த பிரஸ்ஸை வாங்கினாலும், பவுடர் விழுந்த உறையின் உள்ளே உங்கள் கண் போகிற மாதிரி அதை அமைக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு.

மாதம் இருநூறு முந்நூறு ரவுண்டு சுடுபவருக்கு டில்லன் நிறுவனத்தின் ஆர்.எல் 550 பிரஸ் தாராளமாகப் போதும். நான்கு ஸ்டேஷன் (ஒவ்வொரு வேலையும் நடக்கும் இடம்), உறைகளைத் தாங்கும் ஷெல் பிளேட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். கையால் திருப்புவது மெதுவான வேலை, ஆனால் சிக்கல் வந்தால் நின்று நிதானித்துச் சரிசெய்யலாம். திருப்ப மறந்து லிவரை மறுபடி இழுத்தால் அதே உறையில் இரண்டாம் தடவை பவுடர் விழும் என்பதுதான் இதன் பெரிய குறை. டில்லனின் எக்ஸ்.எல் 750, ஹார்னடி நிறுவனத்தின் லாக்-அன்-லோட் ஏ.பி இரண்டிலும் ஐந்து ஸ்டேஷன்கள், பிளேட் தானே திரும்பும். ஐந்தாவது ஸ்டேஷனை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை. பவுடர் அளவு கூடினாலோ குறைந்தாலோ எச்சரிக்கும் டை (உறையின் மேல் இறங்கி வேலை செய்யும் அச்சு) ஒன்றை அங்கே பொருத்தலாம். புதிதாக வாங்குபவர் பட்ஜெட் இடம் கொடுத்தால் அந்த இடத்துக்காகவே ஐந்து ஸ்டேஷன் பிரஸ் வாங்குவது நல்லது.

தானே திரும்பும் பிரஸ்ஸில் இரட்டைப் பவுடர் விழாது என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் ஏதோ சிக்கி, லிவரைப் பாதியில் நிறுத்தி, பிளேட் திரும்புவதற்கு முன்பே மறுபடி இழுத்தால் அங்கேயும் விழும். வேகமாக எரியும் பவுடரில் ஒரு லோடு (ஒரு தோட்டாவுக்கான அளவு) 9 மி.மீ. உறையின் பாதியைக்கூட நிரப்பாது. இரண்டு லோடு விழுந்தாலும் வழியாது. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில் நிலைமை இன்னும் மோசம். கரும்பவுடர் காலத்தில் வடிவமைத்த உறை என்பதால் உள்ளே இடம் ஏராளம். அதனால் தொடக்கத்தில் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும் பவுடரையே தேர்ந்தெடுங்கள்: இரண்டாவது லோடு விழுந்தால் உறை பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்க வேண்டும். எத்தனை கிரெயின் (பவுடர் எடையின் அலகு) என்பதற்குப் பவுடர் நிறுவனத்தின் அச்சிட்ட அட்டவணை மட்டுமே ஆதாரம். அதிலும் தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும்.

ஓட்டம் எந்தக் காரணத்தால் தடைப்பட்டாலும், தொலைபேசி ஒலித்தாலும் சரி, ப்ரைமர் தீர்ந்தாலும் சரி, பிளேட்டில் இருக்கும் எல்லா உறைகளையும் வெளியே எடுங்கள். பவுடர் விழுந்தவற்றைக் கொட்டிவிட்டு, காலி பிளேட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஐந்து உறைகள் வீணாகின்றனவே என்று யோசிக்க வேண்டாம்.

டை அமைக்கும்போது பலர் தவறுவது ஒரே ஓர் உறையை வைத்து அமைப்பதில்தான். பிளேட் நிறைந்திருக்கும்போது எல்லா டைகளும் ஒரே நேரத்தில் அழுத்துவதால் பிளேட் இம்மியளவு சாயும். ஓர் உறையோடு அளந்த நீளம் முழு ஓட்டத்தில் மாறிவிடும். எனவே எல்லா ஸ்டேஷனிலும் உறை இருக்கும்போது கடைசித் திருத்தத்தைச் செய்து டையை நிலைநிறுத்தும் லாக் ரிங்கை இறுக்குங்கள். அப்படியும் நீளம் தாறுமாறாக வந்தால் குண்டு அமர்த்தும் தண்டின் வடிவம் குண்டின் மூக்குக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அதிகம் தொல்லை தருவது ப்ரைமர்தான். ப்ரைமர் உறையின் அடிமட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் ஆழத்தில் இருக்க வேண்டும். விரலால் தடவினால் சிறு பள்ளம் தெரியும். மேடாக இருந்தால் ரிவால்வரில் சிலிண்டர் உரசும், பிஸ்டலில் முதல் அடியில் வெடிக்காமல் போகும். பெரும்பாலும் லிவரைக் கடைசி வரை முன்னே தள்ளாததுதான் காரணம். அடுத்த சந்தேகம் ப்ரைமர் தண்டின் கீழே சேரும் பழைய கரித்தூள் மீது. இரண்டும் இல்லையென்றால் ஷெல் பிளேட் தளர்ந்து உறை சாய்கிறதா என்று பாருங்கள். ராணுவ உறைகளில் ப்ரைமர் குழியின் விளிம்பு நசுக்கப்பட்டிருக்கும். அதைச் செதுக்கி எடுக்காமல் புது ப்ரைமர் நேராக நுழையாது. .45 ஏ.சி.பி. உறைகளில் பெரிய ப்ரைமர், சிறிய ப்ரைமர் இரண்டு வகையும் புழக்கத்தில் உள்ளன. கலந்துபோனால் பிரஸ் நடுவழியில் மறுக்கும், அதனால் முன்கூட்டியே பிரித்து வையுங்கள்.

லிவர் மறுத்தால் பலம் கொடுக்கக் கூடாது. ஒரு ப்ரைமர் வெடித்தால் குழாயில் அடுக்கியிருக்கும் அத்தனையும் தொடர்ந்து வெடிக்கலாம். குழாயைச் சுற்றியுள்ள இரும்பு உறை இதற்காகத்தான் இருக்கிறது. சிக்கிய குழாயைக் கம்பியால் குத்துவது பெருந்தவறு. எண்ணெய் ஊற்றினால் ப்ரைமர் செத்துவிடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் லிவரைத் தொடாதீர்கள்.

பிளேட் திரும்பும்போது துள்ளிப் பவுடர் சிந்துவதும் அடிக்கடி நடக்கும். பிளேட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு உலோக உருண்டையின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் திருப்பம் சொடுக்குப் போட்டதுபோல் முடியும். மென்மையான ஸ்பிரிங் போட்டு, கையையும் நிதானப்படுத்தினால் நிற்கும். ஹார்னடியில் பிளேட் பாதி ஏற்றத்திலும் பாதி இறக்கத்திலுமாகத் திரும்புவதால் இந்தத் தொல்லை குறைவு. சிந்திய பவுடர், ப்ரைமரைக் கொண்டுவரும் ஸ்லைடின் கீழே போய் அடைத்தால் ப்ரைமர் வராமல் நிற்கும். அடைப்பு அங்கே தெரிந்தாலும் மூலம் அடுத்த ஸ்டேஷனில் இருக்கும்.

பவுடர் எடை மெல்ல நகர்ந்தால் ஹாப்பரில் (பவுடர் நிரப்பி வைக்கும் கலம்) அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விடாதீர்கள். தொடங்கும்போது இருபது லோடு ஓடவிட்டுப் பவுடர் அளக்கும் கருவி நிலைப்பட்ட பிறகு, பத்து லோடுகளைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். பிறகு ஐம்பதுக்கு ஒன்று சோதித்தால் போதும். தராசை அவ்வப்போது எடைக்கல்லால் சரிபார்க்கவும்.

9 மி.மீ.யில் குண்டு நுழைவதற்காக உறை வாயை விரிப்பது, குண்டு சாயாமல் நிற்கும் அளவு போதும். ஈயம் சீவிக்கொண்டு வந்தால் விரிவு குறைவு. அந்த விரிவை நீக்குவது மட்டும்தான் கிரிம்பின் வேலை. முடிந்தபின் வாயின் வெளிவிட்டம் 0.378 முதல் 0.380 அங்குலம், முழு நீளம் அதிகபட்சம் 1.169 அங்குலம். முடித்த தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்துங்கள். குண்டு உள்ளே போனால் கிரிம்பை இறுக்கித் தீர்க்காதீர்கள், பிடிப்பு தருவது உறையைச் சுருக்கும் முதல் டைதான். பிறகு துப்பாக்கியிலிருந்து கழற்றிய பேரலில் ஒன்றைப் போடுங்கள். 'டங்' என்று விழுந்து, கவிழ்த்ததும் தானே வெளியே வர வேண்டும். சிக்கினால் தோட்டாவில் மார்க்கர் மை தடவி மறுபடி போடுங்கள். மை அழிந்தது வாய் ஓரத்திலா, குண்டின் தோளிலா, அடிப்பகுதியிலா என்பதைப் பார்த்தால், திருத்த வேண்டியது கிரிம்ப்பா, நீளமா, முதல் டையா என்று தெரிந்துவிடும்.