இன்ஸ்டாகிராமில் பிள்ளையோடு சேர்ந்து பெற்றோர் மேற்பார்வையை அமைப்பது எப்படி?

என் மகளின் இன்ஸ்டாகிராம் கணக்கில் மேற்பார்வையை இருவரும் சேர்ந்து அமைத்தோம். அதே வேலையில் இறங்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை தூங்கும்போது போனை எடுத்து ரகசியமாகச் செய்கிற வேலை இல்லை இது. இரண்டு பேரும் சம்மதித்தால்தான் இயங்கும், யார் வேண்டுமானாலும் பிறகு விலகிக்கொள்ளலாம். உங்களுக்கும் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு வேண்டும்.

1. முதலில் பேச்சு

நீங்கள் எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள், யாரைப் பின்தொடர்கிறார்கள், கடந்த 7 நாட்களில் யாருக்கு மெசேஜ் அனுப்பினார்கள் என்பது தெரியும். மெசேஜில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. "படிக்கவே முடியாதா? நிஜமாவா?" என்று என் மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கு அப்புறம்தான் போனை என் பக்கம் திருப்பினாள்.

2. பிறந்த தேதியைச் சரிபாருங்கள்

இந்த இடத்தில்தான் எங்களுக்கு வேலை நின்றது. மேற்பார்வை 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். பல பிள்ளைகள் கணக்குத் தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். அப்படியானால் அந்தக் கணக்கைப் பெரியவருடையது என்றே ஆப் எடுத்துக்கொள்ளும், நீங்கள் எத்தனை தடவை தட்டினாலும் மேற்பார்வை அமையாது. 2024 செப்டம்பரில் அறிமுகமாகிப் படிப்படியாகப் பல நாடுகளுக்கு வந்த 'டீன் அக்கவுண்ட்' (பதின்ம வயதினருக்குத் தானாகவே அமையும் கணக்கு வகை) பாதுகாப்புகளும் அதற்குக் கிடைக்காது.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டர், பர்சனல் டீட்டெயில்ஸ், பர்த்டே என்று போய், உண்மையான தேதியைப் போடச் சொல்லுங்கள். ஏன் அப்படிப் போட்டாய் என்று அந்த நேரத்தில் விசாரணை வைக்காதீர்கள். வைத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அடுத்த படிக்குப் போகவே முடியாது. இன்னொன்று: பெரும்பாலான நாடுகளில் இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே உள்ள பிள்ளையின் உண்மையான தேதியைப் போட்டால் கணக்கு முடக்கப்படும். அந்த வயதில் கணக்கே வேண்டாம் என்பது என் கருத்து.

3. அழைப்பு

செட்டிங்ஸில் 'ஃபேமிலி சென்டர்' இருக்கும். அங்கிருந்து ஒருவர் அழைப்பு அனுப்ப, மற்றவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். பிள்ளை அனுப்பட்டும் என்பேன், தானே செய்த உணர்வு இருக்கும்.

4. நேரக் கட்டுப்பாடு

டீன் அக்கவுண்டில் ஒரு நாளில் 60 நிமிடம் ஆனதும் போதும் என்று நினைவூட்டல் வரும், ஆனால் ஆப் மூடிக்கொள்ளாது. இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். கட்டாயமாக நிறுத்த வேண்டுமென்றால் மேற்பார்வையில் நீங்கள்தான் வைக்க வேண்டும். நான் இரவு நேரத்தை மட்டும் வைத்தேன். பகலில் எவ்வளவு நேரம் என்பதை அவளிடமே விட்டேன். தூக்கம் கெடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

மெசேஜையெல்லாம் படித்துக் காட்டும் வேவு ஆப்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் ஒருபோதும் போட மாட்டேன். ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு, உண்மையான ஆபத்து வரும்போது நம்மிடம் வரமாட்டார்கள்.

பின்சேர்க்கை 1: தன் மகனின் கணக்கில் ஒரு பதிவுகூட இல்லையே என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். அவனுக்கு இரண்டாவது கணக்கு இருக்கலாம். மேற்பார்வை நீங்கள் இணைத்த கணக்குக்கு மட்டும்தான். சண்டை போடாமல் நேராகக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டிப் பணம் கேட்டால் என்ன செய்வது என்று இன்னொரு அம்மா கேட்டார். பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆப்பில் புகார் கொடுத்து, பிறகு பிளாக் செய்யுங்கள். காவல்துறையிலும் சொல்லுங்கள். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை (படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு) மட்டும் அனுப்பப்படும். அதில் இணைந்த தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். இந்தச் சேவை இருப்பதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். நம்மிடம் சொல்லத் தயங்கினாலும், தானே போய்ப் பயன்படுத்திக்கொள்ளும்.