கால் ரிப்கெனின் ஆட்டக் கணக்கை வாசிப்பது எப்படி?

பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணிக்காக 1981 முதல் 2001 வரை ஆடிய கால் ரிப்கென் ஜூனியரின் பெயரோடு 2,632 என்ற எண் எப்போதும் சேர்ந்தே வரும். ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் அவர் தொடர்ந்து ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை அது. அதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் அவருடைய உழைப்பில் பாதிதான் கண்ணில் படும் என்பதால், மீதியை எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீகில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் உண்டு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு, ஓய்வு நாட்கள் மிகக் குறைவு. 1982 மே 30 அன்று தொடங்கிய அந்த இடைவிடாத ஆட்டத் தொடர், 1998 செப்டம்பர் 20 அன்று, இன்று நான் ஆடவில்லை என்று அவரே மேலாளரிடம் சொன்ன பிறகுதான் நின்றது.

அடுத்து இன்னிங்ஸ் கணக்கைத் தேடுங்கள். பேஸ்பாலில் இரு அணிகளும் ஆளுக்கொரு முறை பேட் செய்வதே ஓர் இன்னிங்ஸ், ஓர் ஆட்டத்தில் வழக்கமாக ஒன்பது உண்டு. விதிப்படி, அரை இன்னிங்ஸ் களத்தடுப்பில் நின்றாலே தொடர் அறுபடாது. ஆகவே ஆட்ட எண்ணிக்கை மட்டும் ஒருவருடைய உழைப்பை முழுமையாகக் காட்டாது. ரிப்கெனோ 1982 ஜூனிலிருந்து 1987 செப்டம்பர் வரை 8,200-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ்களை இடைவெளியின்றி ஆடினார். அதை நிறுத்தி அவரை வெளியே அழைத்தவர், அப்போது அணியின் மேலாளராக இருந்த அவருடைய தந்தை. என் கணிப்பில் 2,632-ஐவிட இதுவே பெரிய சாதனை.

பிறகு, அவர் எந்த இடத்தில் நின்றார் என்று பாருங்கள். அவருக்கு முன் 2,130 ஆட்டங்களுடன் சாதனையை வைத்திருந்த லூ கெரிக், ஓடுகிறவர்கள் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் முதல் பேஸில் நின்றவர். ரிப்கென் பெரும்பாலும் நின்றது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலுள்ள ஷார்ட்ஸ்டாப் இடத்தில். பாய்ந்து பந்தைப் பிடித்து, உடனே முதல் பேஸுக்கு எறிய வேண்டிய இடம் அது. இரண்டாம் பேஸை நோக்கிச் சறுக்கி வருகிறவர்களின் மோதலையும் தாங்க வேண்டும். அங்கே நின்று 1990-இல் பருவம் முழுவதும் அவர் செய்த பிழைகள் மூன்றே.

பேட்டிங் சராசரியைக் கடைசியில் பாருங்கள். கிரிக்கெட்டில் பழகிய கண்ணுக்கு .276 விளங்காது, பேட் செய்ததாகக் கணக்கில் வரும் 1,000 முறைக்கு 276 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடைவது) என்பதே அதன் பொருள். மொத்தம் 3,184 ஹிட், 431 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி வருவது). ஓய்வெடுத்திருந்தால் இன்னும் நன்றாக அடித்திருப்பார் என்று அக்காலத்திலேயே விமர்சனம் இருந்தது. அதை ஆண்டுவாரியாக நீங்களே சோதிக்கலாம்: 1991-இல் .323 சராசரியும் 34 ஹோம் ரன்களும், அடுத்த ஆண்டே .251 சராசரியும் 14 ஹோம் ரன்களும். இரண்டு ஆண்டுகளிலும் அவர் 162 ஆட்டங்களையும் ஆடியதால், சரிவுக்குக் களைப்பை மட்டும் காரணமாக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

1995 செப்டம்பர் 6 அன்று கெரிக்கின் சாதனையைக் கடந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், ஐந்தாம் இன்னிங்ஸின் நடுப்பகுதியிலிருந்து பாருங்கள்: ஆட்டம் செல்லுபடியானதும் (அதற்குப் பிறகு இடையில் நின்றாலும் கணக்கில் வரும்) அரங்கை ஒட்டிய கிடங்கின் சுவரில் எண் 2,131 ஆக மாறுகிறது, ஆட்டம் 22 நிமிடம் நிற்கிறது, சக வீரர்கள் அவரைத் தள்ளிவிட, அவர் களத்தைச் சுற்றி ரசிகர்களின் கைகளைப் பற்றியபடி வருகிறார். ஜப்பானில் சச்சியோ கினுகாசா வைத்திருந்த 2,215 ஆட்டச் சாதனையை அவர் கடந்தது அடுத்த ஆண்டு ஜூனில், கான்சாஸ் சிட்டியில். அன்று கினுகாசாவும் அரங்கில் இருந்தார்.