நடமாடும் ஆட்களுக்கு வேலை பிரிப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி அசெம்பிளி லைனுக்குப் புதிதாக வந்த பொறியாளர் ஒருவர், புளோட்டர்களுக்கு, அதாவது ஒரே இடத்தில் நிற்காமல் பல ஸ்டேஷன்களுக்கு நடந்து வேலை செய்பவர்களுக்கு, வேலை பிரித்த தாளைப் போன வாரம் என்னிடம் காட்டினார். பத்து வருடத்துக்கு முன்பு நான் போட்ட தாளேதான். பயிற்சி இல்லாதவரை நிறுத்துவது போன்ற பிழைகள் முதல் நாளே வெளிப்பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

டாக்ட் டைம், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் கிடைக்கும் நேரம், 60 நொடி. புளோட்டருக்கு 2-ஆம் ஸ்டேஷனில் 20 நொடி வேலை, 5-ஆம் ஸ்டேஷனில் 15 நொடி. கூட்டினால் 35. மிச்சம் 25 இருக்கிறதே என்று இன்னொரு வேலையையும் சேர்க்கத் தோன்றும். ஸ்டேஷன் ஒன்று 6 மீட்டர் என்றால் நடுவில் 18 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் போக 18, வர 18. ஆக 71 நொடி! வண்டிக்கு 11 நொடி பின்தங்குகிறார். ஆறு வண்டி தாண்டுவதற்குள் ஒரு முழு டாக்ட் போய்விடும்.

என் தாளை நம்பி ஒருவர் ஷிப்ட் முழுக்க ஓடினார். ஓட்டத்தில் சில போல்ட்டுகளுக்கு டார்க் வைக்காமல், அதாவது குறித்த அளவுக்கு முறுக்காமல், விட்டுப்போனது. அன்றைய வண்டிகளை எல்லாம் திரும்பச் சோதித்தோம். அறிக்கையில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். தவறு தாளில் இருந்தது, பழி அவர் மேல் விழுந்தது. இன்று நினைத்தாலும் மனது ஆறவில்லை.

வரைபடத்தில் அளந்த தூரமும் போதாது. இந்த லைனில் கன்வேயர் நொடிக்கு 10 சென்டிமீட்டர் நகர்கிறது. 20 நொடி வேலை முடியும்போது அவர் 2 மீட்டர் தள்ளி நிற்பார். வழியில் பாகங்கள் வைத்த டிராலியைச் சுற்ற வேண்டும், கருவியை மாற்ற வேண்டும். ஸ்டாப்வாட்சோடு அவர் கூடவே பத்துச் சுற்று நடந்து பாருங்கள், அப்புறம் தாளை எழுதுங்கள்.

சராசரியை நம்புவது

ஒரு மாடலுக்கு 45 நொடி, இன்னொன்றுக்கு 75. சராசரி 60, சரிதான். ஆனால் கனமான மாடல் மூன்று அடுத்தடுத்து வந்தால் 45 நொடி கடன் ஏறிவிடும். மாடல்கள் வரும் வரிசையைப் பார்த்துதான் ஆளை அனுப்ப வேண்டும்.

எப்போதும் அதே கெட்டிக்காரர்

வேண்டாம். அவர் லீவு எடுத்தால் லைன் நிற்கும்.

வேகமானவரை முதலில் நிறுத்துவது

பொருளோடு நகர்ந்து, கடைசி ஆள் முடித்ததும் ஒவ்வொருவரும் பின்னால் வந்து தனக்கு முந்தைய ஆளின் வேலையை வாங்கிக்கொள்ளும் முறையில், மெதுவானவர் தொடக்கத்திலும் வேகமானவர் முடிவிலும் இருக்க வேண்டும். அப்படி நிறுத்தினால் வேலை தானாகவே சமநிலைக்கு வரும் என்று பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் கணிதமாகக் காட்டினார்கள். மாற்றி நிறுத்தினால் வேகமானவர் முன்னால் இருப்பவருக்காகக் காத்து நிற்பார்.

இரண்டு இடத்தில் ஒரே நேரம் உதவி கேட்கும் விளக்கு எரிந்தால்

முதலில் எங்கே போவது என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.