அறுபதுக்குப் பிறகு சைக்கிளா? முதலில் சீட்டைப் பாருங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு மறுபடி சைக்கிள் எடுத்தேன். முதல் வாரமே முழங்கால் வலி. காரணம் வயது அல்ல, தாழ்ந்திருந்த சீட். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றுங்கள். அதற்குக் குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளே வசதி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஆனி, ஆடியில் காற்றையும் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று நம்மையும் சும்மா விடாது. தென்னை ஓலை சாயும் திசையைப் பார்த்து, போகும்போதே எதிர்காற்றில் போய்விடுங்கள். களைத்துத் திரும்புகையில் அது முதுகைத் தள்ளிக்கொடுக்கும்.

நாகர்கோவில்காரர்களுக்கு விடியலில் தேரூர் குளக்கரை போதும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. காரில் போனால் குளம் மட்டும் தெரியும். சைக்கிளை நிறுத்திக் காத்திருந்தால், மிதக்கும் இலைகள்மேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும் இலைக்கோழியும் தெரியும்.

திரும்பும் வழியில் ஒரு ரசவடை. டாக்டரிடம் சொல்ல வேண்டாம்.