"வாசிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்: இசையமைப்பவரும் வாசிப்பவரும் சேர்ந்து வேலை செய்வது எப்படி

வயலினுக்கு நான் முதன்முதலில் எழுதியதை பியானோவில் உட்கார்ந்துதான் எழுதினேன். முடிவில் அடி ஜி ஸ்வரமும் அதற்கு மேலே இருக்கும் பி-யும் சேர்ந்து ஒலிக்கும், கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. வாசிக்க வந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதில் உங்களுக்கு எது வேண்டும், ஜி-யா, பி-யா?" என்றார். வயலினில் நான்கு தந்திகள்: ஜி, டி, ஏ, ஈ. அடி ஜி ஆகக் கனமான தந்தியில் இருக்கிறது. நான் எழுதிய பி-யும் அதே தந்தியில்தான், ஏனென்றால் அடுத்த தந்தியே டி-யில்தான் ஆரம்பிக்கிறது. ஒரே தந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் எப்படி வரும்? முதல் வாரமே யாரையாவது ஐந்து நிமிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்டது மூன்று மாதம் கழித்து, கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது.

மேற்கத்திய செவ்வியல் இசையில் அடுத்தவர் வாசிப்பதற்காக எழுதுகிறவர்களுக்கும், புது ஸ்கோர் (இசை எழுதிய தாள்) ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வாத்தியங்களைப் பற்றிப் புத்தகங்களில் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் எதிரில் இருக்கும் ஆளிடம் எப்போது போவது, என்ன கேட்பது என்பதைப் பெரும்பாலும் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம்.

எப்போது போவது

பாதி எழுதியதும் போங்கள். முடித்துவிட்டு, அழகாக அச்செடுத்து, கடைசியில் இரட்டைக் கோடும் போட்டுக் கொண்டுபோனால் வாசிப்பவர் மரியாதைக்காரராக மாறிவிடுவார். "நன்றாக இருக்கிறது, கொஞ்சம் பழக வேண்டும்" என்பார், அவ்வளவுதான். அதையே பென்சிலில் கிறுக்கிய நாலு வரியாகக் கொண்டுபோய்ப் பாருங்கள், அவரே வாத்தியத்தை எடுத்து "இது இப்படியும் வரும், அப்படியும் வரும்" என்று வாசித்துக் காட்டுவார்.

முதல் சந்திப்புக்கு எதுவும் எழுதாமல் போவது இன்னும் நல்லது. அவருக்கு வாசிக்கப் பிடித்த ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள், அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், முக்கியமாகக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு கேள்வி: "உங்கள் வாத்தியத்துக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாக எதைத் தப்பாக எழுதுகிறார்கள்?" இதைக் கேட்டால் போதும், அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். ஹார்ப் வாசிப்பவர், சுண்டு விரலை நாங்கள் பயன்படுத்துவதில்லை, கைக்கு நான்கு விரல்தான், ஏழு பெடல்களையும் காலால் மாற்ற நேரம் வேண்டும் என்பார். டிராம்போன்காரர், சறுக்கை எழுதும்போது ஒரு டிரைட்டோனுக்கு (ஆறு அரைச்சுருதி தூரம்) மேல் நீட்டாதே, ஸ்லைடின் நீளமே அவ்வளவுதான் என்பார். ஓபோ வாசிப்பவருக்கு மூச்சு பற்றாமல் போவது பிரச்சினையே இல்லை, செலவாகாத காற்று உள்ளே தங்கிவிடுவதுதான் பிரச்சினை. வெளியே விட்டுப் புது மூச்சு எடுக்க அவருக்கு இடம் வேண்டும்.

என்ன கேட்பது

"இதை வாசிக்க முடியுமா?" என்ற கேள்விதான் எல்லா வம்புக்கும் காரணம். "முடியும்" என்ற ஒரே பதிலுக்குள் பல பதில்கள் இருக்கின்றன. வீட்டில் தனியாக, மெதுவாக, மூன்றாவது முயற்சியில் வரும் என்பது ஒன்று. மேடையில் வரும், ஆனால் முகம் சிவக்கும் என்பது ஒன்று. இந்த இடம் மட்டும் என்றால் வரும், இதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பக்க ஓட்டத்தை முடித்துவிட்டு வந்தால் வராது என்பது இன்னொன்று. பித்தளை வாத்தியங்களில் இந்தக் கடைசி வகை மிக அதிகம், உதடு களைத்துப்போன பிறகு மேல் ஸ்வரம் வேறு கதை.

பிராம்ஸ் இதைச் சரியாகச் செய்தார் என்பது என் எண்ணம். அவர் பியானோக்காரர். 1878 கோடையில் வயலின் கான்செர்டோவின் (ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) தனி வயலின் பகுதியை நண்பரும் வயலின்காரருமான யோசெப் யோவாகிமுக்கு அனுப்பி, எது கஷ்டம், எது கைக்கு வசதியாக இல்லை, எது நடக்கவே நடக்காது என்று தாளிலேயே குறித்துத் தரும்படி கேட்டார். அந்த மூன்று வகைகளைக் கவனியுங்கள். யோவாகிம் எழுதிய பதில் அதைவிட நேர்த்தி: பெரும்பகுதி வாசிக்கக்கூடியதுதான், ஆனால் சூடேறிய அரங்கில் அது சௌகரியமாக வருமா என்பதை ஒரே மூச்சில் முழுதும் வாசித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். பிராம்ஸ் அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கவில்லை. கேட்டார், சிலதை மாற்றினார், சிலதை அப்படியே விட்டார். 1879 ஜனவரி 1 அன்று லைப்ஸிக்கில் யோவாகிம் வாசிக்க, பிராம்ஸ் நடத்தினார். அன்று தனி வாத்தியம் மட்டும் வாசித்த காடென்ஸாவும் யோவாகிம் எழுதியதுதான், இன்றும் பலர் அதையே வாசிக்கிறார்கள்.

நான் இப்போதெல்லாம் இப்படிக் கேட்கிறேன்: "இதைப் பத்துத் தடவை வாசித்தால் எத்தனை தடவை நீங்கள் நினைத்தபடி வரும்?" ஒன்பது என்றால் விட்டுவிடுவேன். ஆறு என்றால், அந்தக் கஷ்டம் கேட்பவருக்குத் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கும் இடமா, சும்மா என் அறியாமையா என்று யோசிப்பேன். பாதிக்கு மேல் அறியாமைதான்.

சரி, "முடியாது" என்று வந்தால்? அதையும் உடனே நம்ப வேண்டாம். ஸ்ட்ராவின்ஸ்கி வயலின் கான்செர்டோ எழுத ஆரம்பித்த சமயம், பாரிஸில் ஒரு சாப்பாட்டு மேசையில் வயலின்காரர் சாமுவேல் டுஷ்கினிடம் ஒரு துண்டுத் தாளில் மூன்று ஸ்வரம் எழுதிக் காட்டினார்: அடியில் டி, அதற்கு ஒன்பது படி மேலே ஈ, அதற்குப் பதினோரு படி மேலே ஏ (தொடங்கும் ஸ்வரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்). இவ்வளவு அகலமான கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம்) டுஷ்கின் பார்த்ததே இல்லை, முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய் வாத்தியத்தை எடுத்துப் பார்த்தால் கை எட்டுகிறது. தந்தியில் மேலே போகப் போக ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள தூரம் குறைந்துகொண்டே வரும் இல்லையா, அதுதான். உடனே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். 1931-ல் பெர்லினில் அரங்கேறிய அந்தக் கான்செர்டோவின் நான்கு பகுதிகளும் அந்தக் கார்டோடுதான் தொடங்குகின்றன. அதனால் தாளைப் பார்த்துச் சொல்லும் "முடியாது"-க்கு என் பதில் எப்போதும் ஒன்றே: வாத்தியத்தைக் கையில் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நுட்பத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், என்ன ஒலி வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். நீண்ட ஒரு ஏ ஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். வயலினில் அதைத் திறந்த ஏ தந்தியில் வாசித்தால் பளிச்சென்று, கொஞ்சம் வெறுமையாகக் கேட்கும், அதிர்வு கொடுக்க விரலே அங்கே இல்லை. டி தந்தியில் விரல் வைத்து வாசித்தால் மென்மை வரும். ஜி தந்தியில் மேலே ஏறி அதே ஸ்வரத்தைப் பிடித்தால் அடித்தொண்டையிலிருந்து பேசுவது போல ஒரு கனம். மூன்றும் ஒரே சுருதி, தாளில் ஒரே புள்ளி. "தூரத்தில் யாரோ முனகுவது மாதிரி வேண்டும்" என்று சொன்னால் வாசிப்பவர் மூன்றையும் போட்டுக் காட்டி, வில்லைப் பாலத்துப் பக்கம் தள்ளி நாலாவதாக ஒன்றும் காட்டுவார். நீங்கள் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது தாளில் எதுவும் எழுதாமல் ஒவ்வொருவர் கைக்கும் விட்டுவிடலாம். இரண்டும் சரிதான், தெரிந்தே செய்தால்.

தாளும் ஒத்திகையும்

பார்ட்டை, அதாவது வாசிப்பவர் முன்னால் வைக்கும் அவரவர் தாளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, ஆனால் சொதப்பினால் ஒத்திகை நேரம் எல்லாம் அதில்தான் போகும். பக்கம் திருப்புகிற இடத்தில் கை சும்மா இருக்க வேண்டும். ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகளும் சேர்ந்த உயரம் 7 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரண்டு பேர் ஒரே ஸ்டாண்டில் பார்த்து வாசிக்க முடியாது. முப்பது பார் (தாளக் கட்டம்) காத்திருந்து உள்ளே வருகிறவருக்கு, அதற்கு முன்னால் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று சின்ன எழுத்தில் போட்டுக் கொடுங்கள். பி-ஃபிளாட் கிளாரினெட்டில் எழுதிய சி, பி-ஃபிளாட்டாகத்தான் ஒலிக்கும், பார்ட்டை மாற்றித்தான் தர வேண்டும். மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள்.

ஒத்திகையில் முதல் தடவை வாசிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். கஷ்டமான வேலைதான், நம் ஸ்வரம் தப்பாகக் கேட்கும்போது உடம்பே துள்ளும். ஆனால் முதல் தடவை வரும் தப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் தடவை தானாகவே போய்விடும். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் அதே தப்பு வந்தால் முதலில் உங்கள் தாளைச் சந்தேகப்படுங்கள். பேசும்போது பார் எண், வாத்தியம், விஷயம் என்ற வரிசையில் சொல்லுங்கள்; "அந்த அழகான இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்" என்று ஆரம்பித்தால் இருபது பேர் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இசைக்குழு என்றால் நடத்துநர் வழியாகத்தான் பேச வேண்டும், இரண்டாவது ஓபோவிடம் நேராகக் கத்தக் கூடாது. நால்வர் குழு, தனி வாத்தியம் என்றால் இந்தச் சம்பிரதாயம் தேவையில்லை, அங்கே ஒத்திகையும் அதிகம் கிடைக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் அங்கேயே தொடங்குவது நல்லது.

வாசிப்பவர்களுக்கு

"இது வராது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "இது வராது, ஆனால் இந்த ஸ்வரத்தை எட்டு படி கீழே எடுத்தால் வரும், அல்லது இந்த வேகத்தில் வரும்" என்று மாற்று ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள், பதிவு செய்தே அனுப்பினால் இன்னும் நல்லது. புரியாத குறி ஒவ்வொன்றுக்கும் "இது எப்படி வாசிப்பது" என்பதற்கு முன்னால் "இது எதற்காக" என்று கேளுங்கள். எதற்காக என்று தெரிந்தால் எப்படி என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், பல சமயம் எழுதியவரை விட நன்றாகவே தெரியும்.

எதை மாற்றலாம், யார் சம்மதத்தோடு என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். சாய்கோவ்ஸ்கி தன் ரொக்கோகோ வேரியேஷன்ஸை செல்லோக்காரர் ஃபிட்ஸென்ஹாகனுக்காக எழுதினார், அது 1877-ல் மேடையேறியது. ஃபிட்ஸென்ஹாகன் தனிப் பகுதியில் நிறையக் கைவைத்ததோடு நிற்காமல், பகுதிகளின் வரிசையையே மாற்றி ஒன்றை எடுத்தும் விட்டார். அந்த வடிவம்தான் அச்சேறியது, இன்றும் மேடைகளில் அதிகம் கேட்பது அதுதான். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோக்காரர் பால் விட்கென்ஸ்டைன், இடது கைக்கு மட்டும் என்று ராவெலிடம் கேட்டு வாங்கிய கான்செர்டோவிலும் தன் இஷ்டத்துக்கு மாற்றினார், ராவெலுக்கு ஆகவில்லை, உறவே கசந்தது. இந்த இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, வாத்தியம் தெரிந்தவர்கள். பேசாமல் செய்தார்கள், அதுதான் என் குறை. யாருக்கு எவ்வளவு காலம் முதலில் வாசிக்கும் உரிமை, பதிவு யார் செய்வது, ஸ்கோர் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

எழுதியவர் உயிரோடு இல்லை என்றால்? அங்கேயும் நடப்பது இதே உரையாடல்தான், பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். கையில் இருக்கும் பதிப்பில் எது எழுதியவர் போட்ட குறி, எது பின்னால் வந்த பதிப்பாசிரியர் போட்டது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை எடுத்து ஒவ்வொரு குறியையும் ஒரு தடவை மீறி வாசியுங்கள், எதை இழக்கிறோம் என்று காது சொல்லும். எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்: பேத்தோவன் ஹாமர்கிளாவியர் சொனாட்டாவின் முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 138 அரை ஸ்வரம் (ஹாஃப் நோட்) என்று மெட்ரனோம் வேக எண் போட்டார், பெரும்பாலான பியானோக்காரர்கள் அதைவிட மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி தன் ரைட் ஆஃப் ஸ்பிரிங்கை 1929, 1940, 1960 என்று மூன்று முறை தானே நடத்திப் பதிவு செய்தார், மூன்றும் ஒரே வேகம் இல்லை. மோட்சார்ட் 1791-ல் ஆன்டன் ஸ்டாட்லருக்காகக் கிளாரினெட் கான்செர்டோ எழுதினார். ஸ்டாட்லர் கையில் இருந்தது வழக்கத்தை விடக் கீழே இறங்கும் ஒரு கிளாரினெட். கையெழுத்துப் பிரதி தொலைந்துபோய், சாதாரணக் கிளாரினெட்டுக்கு ஏற்ப மாற்றிய வடிவம்தான் அச்சில் வந்தது. அதில் ஒரு ஓட்டம் கீழே இறங்கிக்கொண்டே வந்து திடீரென்று மேலே தாவினால், அது மோட்சார்ட்டின் விருப்பமாக இல்லாமல் வாத்தியத்தின் எல்லையாக இருக்கலாம் என்று தெரிந்தால், அந்தத் தாவலை நீங்கள் வாசிக்கும் விதமே மாறும்.

கடைசியாக ஒரு வேலை. முதல் கச்சேரி முடிந்த ஒரு வாரத்துக்குள் வாசித்தவர்களின் பார்ட்டுகளைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் எண்கள், வில் திசை, வட்டம் போட்ட ஷார்ப்கள் எல்லாம் அதில் இருக்கும். இசைக்குழுக்காரர்கள் "இங்கே தலையை நிமிர்த்திப் பார்" என்பதற்கு ஒரு மூக்குக்கண்ணாடி வரைவார்கள். என் இசைக்குழுத் துண்டு ஒன்றில் ஏழு பேர் ஒரே பாரில் கண்ணாடி வரைந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், நான் தாளம் மாற்றிய இடம், அதுவும் காரணமே இல்லாமல் மாற்றியது. அடுத்த அச்சில் அந்த மாற்றத்தை எடுத்துவிட்டேன்.