படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன்சிவி (OpenCV) என்ற பட நிரலகத்தில் படங்களைத் திருத்தப் பழகுபவர்களின் நிரல்கள் அடிக்கடி என் பார்வைக்கு வரும். நிரல்தான் புதிது, தவறுகள் நாங்கள் செய்த அதே பழையவை. நிறங்கள் பிஜிஆர் (நீலம், பச்சை, சிவப்பு) வரிசையில் வரும் என்பதும், நம்பை (NumPy) என்ற எண் நிரலகத்தின் 8 பிட் அணியில் 255க்கு மேல் இடமில்லாததால் 250உடன் 10ஐக் கூட்டினால் எண் சுற்றிவந்து 4 கிடைக்கும் என்பதும் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஹெச்எஸ்வியின் 'வி'யை வெளிச்சம் என்று நம்புவது

படத்தை ஹெச்எஸ்விக்கு (நிறத்தைச் சாயல், செறிவு, 'வி' என்று பிரிக்கும் HSV முறைக்கு) மாற்று, வியைக் கூட்டு, திரும்ப மாற்று என்று எங்கே பார்த்தாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். வி என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது பெரிய எண்ணோ அது, அவ்வளவுதான். முழு நீலத்துக்கும் வி 255, முழு மஞ்சளுக்கும் 255, வெள்ளைக்கும் 255. மூன்றும் கண்ணுக்கு ஒரே அளவு பிரகாசமாகவா தெரிகின்றன? கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தை 'எல்' என்று தனியே பிரிக்கும் லேப் (Lab) நிறமுறையில் அந்த எல் அளவைப் பாருங்கள்: 100க்கு நீலம் சுமார் 32, மஞ்சள் சுமார் 97.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் துணிகளின் படங்கள் இருந்த கோப்புறை முழுவதற்கும் வியில் 40 கூட்டிவிட்டார். 40, 120, 40 என்றிருந்த பச்சை 53, 160, 53 ஆனது. 255, 40, 40 என்றிருந்த சிவப்பின் வி ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் அது அசையவே இல்லை. பச்சைத் துணி பளிச்சென்று மாற, பக்கத்தில் சிவப்புத் துணி பழையபடியே கிடந்தது. தனித்தனியாகப் பார்த்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. வரிசையாக அடுக்கியபோதுதான் தெரிந்தது. அதற்குள் அசல் கோப்புகளின் மேலேயே சேமித்தாகிவிட்டது. 255இல் முட்டி வெட்டுப்பட்ட எண்களைத் திரும்பக் கழித்து மீட்க வழியில்லை. எல்லாவற்றையும் மறுபடி படம்பிடித்தார்கள்.

லேபுக்கு மாற்றி 'எல்' அளவை மட்டும் தொடுங்கள். அதுவும் முழுத் தீர்வு இல்லை: அடர்ந்த சிவப்பு திரையின் நிற வரம்பைத் தாண்டிக் கொஞ்சம் இளஞ்சிவப்பாக வெளிறும். ஆனால் எல்லா நிறங்களும் சேர்ந்து நகரும்.

கன்வர்ட்ஸ்கேல்ஆப்ஸில் பீட்டாவுக்கு எதிர்ம எண்

ஒவ்வொரு பிக்சலையும் ஓர் எண்ணால் பெருக்கி, பீட்டா என்ற எண்ணைக் கூட்டித் தரும் ஓப்பன்சிவி கட்டளை இது (convertScaleAbs). பெயரிலேயே 'ஆப்ஸ்' (குறியை நீக்கிய அளவு) இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. 1.5ஆல் பெருக்கி 60ஐக் கழிக்கச் சொன்னால், 50 என்ற பிக்சல் 15 ஆகும். 10 என்ற பிக்சல் −45 ஆகி, குறி போய் 45 ஆக வந்து நிற்கும். நிழலின் நடுவில் சாம்பல் திட்டுகள் தெரிந்தால் கேமராவைத் திட்டாதீர்கள். ஃப்ளோட்டில் (தசம எண்களில்) கணக்கிட்டு, 0க்கும் 255க்கும் நடுவே கிளிப் செய்யுங்கள்.

மூன்று சேனல்களுக்கும் தனித்தனியே ஹிஸ்டோகிராம் சமன்

வெளிச்ச அளவுகளைப் பரப்பிச் சமப்படுத்தும் இந்த வேலையைச் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்தால் நிறம் மாறும். செய்யாதீர்கள்.

லேபின் 'எல்' அளவின் வீச்சு

8 பிட்டில் 0 முதல் 255 வரை. ஃப்ளோட்டில் 0 முதல் 100 வரை. ஃப்ளோட் என்றால் லேபுக்கு மாற்றுவதற்கு முன்பே பிக்சல் எண்களை 255ஆல் வகுத்திருக்க வேண்டும்.

கான்ட்ராஸ்ட் என்று வெறுமனே பெருக்குவது

படமும் சேர்ந்து வெளுக்கும். முதலில் நடு அளவான 128ஐக் கழியுங்கள், பெருக்குங்கள், அப்புறம் 128ஐத் திரும்பக் கூட்டுங்கள்.