இந்திய ஆங்கிலச் சிறுகதைகள்: கருப்பொருள் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் மாணவர்களாக இருந்தபோது எழுதிய அதே அபத்தங்களை இன்றைய கட்டுரைகளிலும் பார்க்கிறேன். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை எல்லாம் கிடக்கட்டும், தானே சரியாகிவிடும்.

மொழிபெயர்ப்புகளைச் சேர்ப்பது

தாகூரின் ‘காபூலிவாலா’ வங்காளக் கதை. மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ உருது. ஆங்கிலத்தில் படித்தோம் என்பதற்காக இந்திய ஆங்கிலச் சிறுகதைகளின் பட்டியலில் ஏற்ற முடியாது.

முத்திரை குத்திவிட்டுக் கதைக்குள் நுழைவது

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். மதிப்பெண்ணை அதிகம் தின்பதும் இதுவே. ஆர்.கே. நாராயணின் ‘எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்’ என்றால் போதும், “கிழக்கும் மேற்கும் மோதுகின்றன, மொழி தடையாக நிற்கிறது” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். அப்புறம் அதற்குத் தோதான இரண்டு இடங்களைப் பொறுக்கி ஒட்டினால் வேலை முடிந்தது.

கதையில் என்ன நடக்கிறது? கிழவர் முனிக்குத் தமிழ்தான் தெரியும். காக்கி உடையில் வந்த அமெரிக்கரைப் போலீஸ் என்று நினைத்து, ஊர் எல்லையில் கிடந்த பிணத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிறார். வந்தவருக்கோ மண்குதிரைச் சிலைமேல்தான் கண். அவர் நீட்டிய நூறு ரூபாயை ஆடுகளுக்கான விலை என்று எண்ணி முனி வீட்டுக்குக் கிளம்புகிறார். மோதல் எங்கே? இருவருக்குமே பரம திருப்தி!

ஒரு வகுப்பில் கேட்டேன்: “சரி, மொழிதான் தடை என்றால் முனியின் மனைவியை எங்கே வைப்பீர்கள்?” சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “அந்தம்மாவும் தமிழ்தானே சார், அவங்களும் நம்பலையே” என்றாள். அதேதான். பணத்தைப் பார்த்ததும் திருடினாயா என்கிறாள் மனைவி. விற்றதாகச் சொன்ன ஆடுகளோ வாசலில் வந்து கத்துகின்றன. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். ஒரே மொழிக்காரர்களுக்குள்ளும் பேச்சு போய்ச் சேரவில்லை. மொழித் தடை என்று எழுதியவர் இந்தக் கடைசிப் பக்கத்தை என்ன செய்வார்?

வறுமையைத் தனிப் பத்தியாக எழுதுவதும் இதே கோளாறுதான். ஒருகாலத்தில் நாற்பது ஆடு வைத்திருந்தவர், இப்போது கடைக்காரன் கடன்கூடத் தருவதில்லை. அதனால்தான் அந்த நோட்டு அவர் கண்ணை அப்படி மறைக்கிறது. வறுமையையும் இந்தப் பேச்சுக் குழப்பத்தையும் பிரித்தால் இரண்டுமே செத்துப்போகும்.

புலம்பெயர்ந்தவர் என்றாலே ஏக்கம் என்பது

ஜும்பா லாஹிரியின் ‘வென் மிஸ்டர் பிர்சாதா கேம் டு டைன்’ 1971-இல் நடக்கிறது. அமெரிக்காவில் சாப்பிட உட்காரும் பிர்சாதா, டாக்கா நேரம் காட்டும் பாக்கெட் கடிகாரத்தை எடுத்து வைக்கிறார். அங்கே வங்கதேச விடுதலைப் போர். மனைவியும் ஏழு மகள்களும் உயிரோடு இருக்கிறார்களா என்பதே அவருக்குத் தெரியாது. ஊர் நினைப்பில் உருகுகிறவரின் கதையா இது?

நீதி கண்டுபிடிப்பது

முல்க் ராஜ் ஆனந்தின் ‘தி லாஸ்ட் சைல்ட்’ திருவிழாவில் பெற்றோரைத் தொலைத்த சிறுவனின் கதை; பிள்ளைகளுக்கான எச்சரிக்கை அல்ல.

கதைச் சுருக்கம்

திருத்துபவரும் கதையைப் படித்திருக்கிறார்.